மெருகு ஏறாத ஆம்னி

ஸ்ரீவில்லிபுத்தூர்,
13.11.2025, வியாழக்கிழமை.

அன்பு மகள் அனுக்ரஹாவுக்கு அப்பா எழுதுவது. அங்கே நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க ஆண்டாளை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கும் எல்லோரும் அப்படியே என்ற அடுத்த வரியை இந்த முறை எழுத முடியவில்லை, அதனால் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் ஸ்ரீவத்ஸின் இரண்டு நுரையீரலும் தழும்பேறிக் கெட்டியாகிவிட்டன, அது இனித் திரும்பாது. இதைச் சொன்னவர் மதுரையில் அவனுக்கு வைத்தியம் பார்க்கும் நுரையீரல் டாக்டர் அம்மா. திங்கட்கிழமை அவருடைய அறையில், நானும் உன் அம்மாவும் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, புது ஸ்கேன் படத்தையும் ஆடி மாதம் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிச் சொன்னார். எனக்குப் படம் பார்க்கத் தெரியாது, ஆனாலும் வித்தியாசம் தெரிந்தது. உன்னிடம் ஆஸ்துமா என்று சொல்லி வைத்திருந்தோம். அது ஆஸ்துமா இல்லை. அப்படிச் சொன்னபோது எங்களுக்கும் அவ்வளவுதான் தெரியும், சித்திரைக்குப் பிறகு தெரிந்தும் சொல்லவில்லை.

போனில் சொல்லாமல் கையால் எழுதி, பக்கங்களைப் படம் எடுத்து உன் ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பக் காரணம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் போட்டால் என் போனை எடுத்து அவன் பார்த்துவிடுவான். நீ போன மாதம் அம்மாவிடம் கேட்டாயாம், அண்ணனுக்கு என் மேல் என்ன கோபம், வீடியோவில் நாலு வார்த்தை பேசிவிட்டு அவசரமாக வைத்துவிடுகிறானே என்று. கோபம் எதுவும் இல்லை. புரட்டாசியிலிருந்து அவன் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இருக்கிறது. உன் அழைப்பு மணி கேட்டதும் அதைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு உட்காருவான். குழாய் இல்லாமல் அவனால் எவ்வளவு நேரம் உட்கார முடியுமோ அவ்வளவு நேரம்தான் உன்னோடு பேச்சு. வைத்த பிறகு அம்மா குழாயை மாட்டிவிட்டு முதுகைத் தடவிக்கொண்டு இருப்பாள், அவன் உதடு பழைய நிறத்துக்கு வரக் கொஞ்ச நேரம் ஆகும். உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் கேட்டுக்கொண்டான், அப்பா இது அச்சுக்குப் போகாத செய்தி என்று என் பத்திரிகைத் தொழில் பாஷையிலேயே சொன்னான். நான் சரி என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை, எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஆகையால் வாக்குத் தவறியதாக ஆகாது என்று நினைக்கிறேன்.

இது எப்படி வந்தது என்று நீ கேட்பாய், கேட்பதற்கு முன்பே உன் மேல் பழியைப் போட்டுக்கொள்வாய், அதனால் வரிசையாகவே எழுதுகிறேன். நீ நகோயா போன முதல் வருஷம் அவன் பிறந்த நாளுக்குப் பிளாஸ்டிக் கார் செய்யும் கிட் ஒன்று அனுப்பினாய். அதுவரை அட்டையையும் ஐஸ் குச்சியையும் வெட்டி ஒட்டிக்கொண்டு இருந்தவனுக்கு அது பெரிய விஷயம். பிறகு நீ அனுப்பியதெல்லாம் சேர்ந்து மாடி அறையில் இரண்டு அலமாரி ஆனது. அவனுக்குப் பெட்டியில் இருக்கிறபடி செய்வதில் திருப்தி இல்லை, ஜப்பான் வண்டியை நம் ஊர் வண்டியாக மாற்றுவதுதான் அவன் விளையாட்டு. கூரையை அறுத்து உயர்த்துவான், பட்டி வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பான், பம்பரைப் பிளாஸ்டிக் தகட்டில் புதிதாக வெட்டுவான். எல்லாம் முடிந்து கடைசியில் நிறத்துக்கு மேல் பளபளப்புக்கு அடிக்கிற கிளியர், அதில்தான் வினை வந்தது. நீ அனுப்பிய தண்ணீரில் கரைகிற கிளியர் பாட்டில்கள் மூடி திறக்காமல் அலமாரியிலேயே இருக்கின்றன, நானே எடுத்துப் பார்த்தேன். அதில் நிஜ வண்டியின் மினுக்கு வரவில்லை என்று, ராஜபாளையத்தில் டிங்கரிங் ஷெட் வைத்திருக்கும் பீர் முகமது பாயிடம் போய், நிஜக் காருக்கு அடிக்கிற கிளியரையும் அதை இறுக வைக்கிற ஹார்டனரையும் சின்னச் சின்னப் பாட்டிலில் வாங்கி வந்தான். மில் விட்டு வரும்போதெல்லாம் அங்கே இறங்கி ஏறுவது உனக்குத் தெரியும். பாய் அன்றைக்கே சொல்லியிருக்கிறார், ஏலே ஸ்ரீ, இது பொல்லாத சாமான், காத்தாட வச்சு அடிக்கணும், வாய மூடற மாஸ்க் இதுக்கு ஆகாது, எங்கிட்ட இருக்க டப்பா வச்ச மாஸ்க்கக் கொண்டு போ என்று. இவன் சிரித்துவிட்டு, பாய், நீங்க அடிக்கிறது லாரி, நான் அடிக்கிறது பல்லி, இதுக்கு எதுக்கு அம்புட்டு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். இதை என்னிடம் சொன்னவர் பாய், ஸ்ரீயும் ஆமாம் என்றான்.

காற்றாட வைத்து அடிக்க நம் மாடி அறையில் வழி இல்லை. மலை பார்த்த ஜன்னல், ஆடிக் காற்றில் தூசி வந்து ஈரக் கிளியரில் உட்கார்ந்தால் ஒரு மாத வேலை போச்சு. அதனால் அவன் ஜன்னலை எல்லாம் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்து, கதவு இடுக்கில் ஈரத்துணி சொருகி, உள்ளே உட்கார்ந்து அடித்தான். போன வருஷம் ஆடிப்பூரத்தன்று ஊரே தேர் வடம் பிடிக்கப் போயிருந்தது, அம்மா கீழே நின்றுகொண்டு ஒரு கையாவது வந்து பிடித்துவிட்டுப் போடா என்று கூப்பிட்டாள், கிளியர் காயட்டும் வாரேன் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மூக்குக்கு என்ன செய்தான் தெரியுமா. சத்திரப்பட்டியில் உன் மாமா லக்ஷ்மிநரசிம்மன் தறியில் ஓடுகிற பேண்டேஜ் துணி. அதை எட்டு மடிப்பாக மடித்து, நனைத்து, கட்டிக்கொண்டான். கொரோனா காலத்தில் மாமா தறியில்தான் ஊருக்கே மாஸ்க் துணி போனது, வீட்டில் மூட்டையாகக் கிடந்தது, அம்மா பிறந்த வீட்டுத் துணி எதையும் தடுக்கும் என்று நாம் எல்லோருமே நம்பினோம். தூசியைத் தடுக்கும். அந்த ஆவி துணியில் நிற்காது என்று டாக்டர் அம்மா சொன்னபோது உன் அம்மா அவரையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது, அதை இந்த மில் ஊரில் இருக்கிறவர்கள்தான் செய்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பகலில் அடிப்பான், ராத்திரி குளிர்காய்ச்சல் மாதிரி வரும், திங்கட்கிழமை நெஞ்சு இறுகும், புதன்கிழமைக்குச் சரியாகிவிடும். மில்லில் பஞ்சுத் தூசியில் வேலை பார்க்கிறவர்களுக்கு லீவு முடிந்து போகிற திங்கட்கிழமை நெஞ்சு இறுகுவது பழைய சங்கதி, அதற்கு யாரும் டாக்டரிடம் போவதில்லை, வெந்நீரைக் குடித்துவிட்டு ஷிப்டுக்குப் போவார்கள். இவனுக்கும் அதுதான் என்றார்கள். மில்லில் சொன்னார்கள், நாங்களும் சொன்னோம். அது பஞ்சுதான் என்று முடிவு செய்து, மில்லில் பஞ்சு சோதிக்கிற பரிசோதனைக் கூடத்திலிருந்து ஸ்டோர் ஆபீசுக்கு மாற்றல் கேட்டு வாங்கினான். அங்கே தூசி இல்லை, ஞாயிறு முழு லீவு. ஆகையால் இன்னும் அதிகமாக உட்கார்ந்து அடித்தான். இப்படி இரண்டு வருஷம் போனது. தையில் வந்த இருமல் பங்குனியிலும் நிற்காமல் இருந்த பிறகுதான் மதுரைக்குக் கூட்டிப் போனேன். அந்த டாக்டர் அம்மா ஒருவர்தான் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வாய் என்று கேட்டார். சும்மா கார் செய்வேன் டாக்டர் என்றான். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், நான் உள்ளங்கையை விரித்து இம்புட்டுக் கார் என்று காட்டினேன். மூன்று பேரும் சிரித்தோம். அந்த அறையில் நாங்கள் சிரித்தது அன்று ஒரு தடவைதான்.

ஹார்டனர்தான் காரணம் என்று டாக்டர் சொல்வதை நான் அப்படியே எழுதுகிறேன், பெரும்பாலும் அதுதான், பஞ்சுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாம், இப்போது பிரித்துச் சொல்ல முடியாது என்றார். நீ அனுப்பிய கிட்டில் எதுவும் இல்லை, அதையும் தனியாகக் கேட்டு, இல்லை என்று அவர் வாயால் சொல்ல வைத்தேன். உனக்கு எழுத வேண்டும் என்றே கேட்டேன். மாத்திரைகள் முகத்தை வீங்க வைத்ததோடு சரி. நகமும் விரல் நுனியும் உருண்டுவிட்டன, அதுவும் இந்த நோயின் அடையாளமாம்.

பீர் பாய் வாரத்தில் மூன்று நாள் வருகிறார். கரண்ட் போனால் ஆக்ஸிஜன் மெஷின் நின்றுவிடும், அதற்காக சிலிண்டர் ஒன்று எப்போதும் நிரம்பி இருக்கும்படி பார்த்துக்கொள்வது அவர்தான். வந்தால் ஸ்ரீயின் கட்டில் பக்கம் உட்கார மாட்டார், கதவுப் பக்கமே நிற்பார். நான் குடுத்தேம்லா, நான் குடுக்காம இருந்திருந்தா என்று அம்மாவிடம் அழுதிருக்கிறார். அம்மா அவரை ஒரு சொல் சொல்லவில்லை, டீ போட்டுக் கொடுத்தாள். ஆனால் கூடப் பிறந்த தம்பியிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். ஸ்ரீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பார்க்க வந்த மாமா வழக்கம்போல ஒரு கட்டு பேண்டேஜ் துணியைக் கையில் கொண்டு வந்துவிட்டார், யோசித்துச் செய்ததில்லை, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவர் வெறுங்கையோடு போவதில்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டு, இத எடுத்துட்டுப் போயிரு, இனி எங்க வீட்டுக்குள்ள இந்தத் துணி வரக்கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தப்பு அவருடையது இல்லை என்று அம்மாவுக்கும் தெரியும். நீ ஒரு நாள் மாமாவுக்குப் போன் செய், எதையும் விளக்க வேண்டாம், சாப்பிட்டீர்களா என்று கேட்டாலே போதும்.

இப்போது மேசை மேல் இருக்கிற வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உனக்காகச் செய்தது, பங்குனியில் நீ வரும்போது கையில் கொடுப்பதற்கு. நீ அனுப்பிய அந்தக் குட்டி ஜப்பான் வேனை வைத்து நம் வெள்ளை ஆம்னியைச் செய்திருக்கிறான். பக்கக் கதவு நிஜமாகவே தள்ளித் திறக்கிறது. பின் கண்ணாடியில் ஆண்டாள் துணை என்று எழுதியிருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்தால் படிக்கலாம். கூமாப்பட்டிக்குப் போகிற வழியில் நீ வண்டி பழகுகிறேன் என்று ரிவர்ஸ் எடுத்து மைல்கல்லில் இடித்தாயே, அந்தப் பள்ளமும் இருக்கிறது. ஊதுவத்தியால் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி, புளியங்கொட்டையை வைத்து அழுத்தி எடுத்தானாம். ஏட்டி அனு, இது ஒன்னோட கையெழுத்து என்று பெயர் வைத்திருக்கிறான். சித்திரைக்கு முன்பே வெள்ளை அடித்து முடித்துவிட்டான். அதற்குப் பிறகு அந்த அறைக்கு அவன் போகக் கூடாது என்று டாக்டர் உத்தரவு, வண்டியைத் துடைத்துக் கீழே கொண்டு வந்து கட்டில் பக்கம் வைத்தோம், உன் தண்ணீர்க் கிளியரைத் தவிர பெயிண்ட் பாட்டில் எல்லாம் பாய் ஷெட்டுக்குப் போய்விட்டது. பாக்கி இருந்தது இரண்டு வைப்பர், அதன் மேல் கிளியர். சின்ன பாகம் ஒட்டும்போது அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கை அசையாமல் வைப்பான், நீ பார்த்திருக்கிறாய். இப்போது பிடித்து வைக்க அவனிடம் மூச்சு இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பலமுறை முயன்று பார்த்தான், இடுக்கி ஆடியது, இருமல் வந்தது, வைப்பர் தரையில் விழுந்து, அதைத் தேடி எடுக்க நான் குப்புறப் படுக்க வேண்டியதாயிற்று. கடைசியில் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எங்கிட்ட குடு, எங்க வைக்கணும் சொல்லு என்றாள். அவன் படுத்தபடியே சொன்னான், மூச்சப் பிடிம்மா, இன்னும் பிடி, இப்ப வை, விடு. உன் அம்மா வைத்த வைப்பர் கோணல். எடுத்துத் திருப்பி வைக்கவா என்று பயந்துகொண்டே கேட்டாள். வேண்டாம்மா, நம்ம வண்டி வைப்பரு என்னைக்கு நேரா நின்னுச்சு என்றான். அவளும் சிரித்தாள், பிறகு சமையற்கட்டுக்குள் போய் வெகு நேரம் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

கிளியர் இனி இல்லை. பாய் தன் ஷெட்டில் வைத்து, ஊருக்கு வெளியே கொண்டுபோயாவது, அடித்துத் தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். ஒங்க கை லாரிக்குப் பழகினது பாய், பல்லி செத்துப் போகும் என்று அவரைக் கிண்டல் செய்து அனுப்பிவிட்டான். உன் தண்ணீர்க் கிளியரைப் பூசலாமா என்று நான் கேட்டேன். வேண்டாம் என்றான். மெருகு இல்லாமல் வண்டி சுண்ணாம்பு பூசிய மாதிரி இருக்கிறது, மேலே எதுவும் மூடாததால் ஆண்டாள் துணை என்ற எழுத்து ஓரத்தில் இப்போதே உரிகிறது. நீ வந்து எடுக்கும்போது பின் கண்ணாடியில் விரல் படாமல் எடு.

உனக்குச் சொல்ல வேண்டிய சின்ன விஷயங்களும் இருக்கின்றன. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், அறைக்குள் மண்ணெண்ணெய் ஹீட்டர் வைப்பீர்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய், எவ்வளவு குளிராக இருந்தாலும் ஜன்னலை நாலு விரல் திறந்து வை, இதை அப்பா பயந்துபோய்ச் சொல்கிறார் என்று தள்ளிவிடாதே. வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று இந்தக் கடிதத்தைப் படித்த சூட்டில் யாரிடமும் பேசாதே, முதலில் லீவு கேள். அண்ணன் கூப்பிடும்போது உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம், அவன் நாலு வார்த்தை பேசி வைத்தால் நீயும் வைத்துவிடு, நீ இழுத்துப் பேசினால் அவன் குழாய் இல்லாமல் உட்கார்ந்திருப்பான். இங்கே ஐப்பசி மழை இந்த வருஷம் பரவாயில்லை, ஆனால் மழை என்றால் கரண்ட் போகும், ஆகையால் மழைச் சத்தம் கேட்டால் வீட்டில் மூன்று பேரும் மெஷினைத்தான் பார்க்கிறோம். அம்மா சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள். நான் நன்றாக இருக்கிறேன்.

இனி பாக்கி இருப்பவை. நுரையீரல் மாற்று சிகிச்சைக்கு அவன் பெயரைப் பட்டியலில் சேர்ப்பதா என்று முடிவு செய்ய சென்னையில் மருத்துவர் குழு 18ஆம் தேதி செவ்வாய்க்கிழமை கூடுகிறது, காகிதங்கள் போய்ச் சேர்ந்துவிட்டன, பதில் 21ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் வரும் என்று டாக்டர் அம்மா சொன்னார். பெயர் ஏறும் என்று அவர் சொல்லவில்லை. இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தேன், அவன் எடை மிகக் குறைந்துவிட்டது, ஆபரேஷனை உடம்பு தாங்காது என்று குழு நினைக்கும் என்றே இரண்டு தடவையும் பதில் வந்தது. நீ பங்குனியில் வர டிக்கெட் போட்டிருப்பதையும் சொன்னேன். தை பிறப்பதற்குள் வர முடியுமா என்று கேட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருஷ ரிப்போர்ட்டர் வேலையில் எதிரே ஆள் இருக்கும்போது கேட்காமல் எழுந்து வந்த கேள்வி அது ஒன்றுதான். டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று பார், முடிந்தால் மார்கழிக்கு.

போன மாதம் நீ அனுப்பிய அடுத்த கிட் சென்னையைத் தாண்டிவிட்டது, புதன்கிழமை வீட்டுக்கு வந்துவிடும் என்று போனில் காட்டுகிறது. அவன் தினமும் காலையில் கண் விழித்ததும் அந்த நம்பரைத்தான் போட்டுப் பார்க்கிறான். இந்த வண்டி கலர் பிளாஸ்டிக்கிலேயே வருதுப்பா, பெயிண்டே வேண்டாம், சும்மா மாட்டினாப் போதும் என்று என்னிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டான். பெட்டி வந்தால் பிரித்துக் கொடுப்போம். மாட்டிப் பார்க்கட்டும். மூச்சைப் பிடிக்க வேண்டிய இடத்தில் அம்மா பிடிப்பாள்.

எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, நாச்சியார் உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை பதில் எதுவானாலும் நான்தான் உனக்குச் சொல்வேன், வேறு யார் சொன்னாலும் நம்பாதே. வீட்டிலிருந்து பேச மாட்டேன், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போய்க் கூப்பிடுவேன். உங்கள் ஊரில் அப்போது இரவாகியிருக்கும், போனைத் தலைமாட்டில் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா
நம்பி